லைன் உங்கள் பெயரில்

நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் சேரச் சேர, செல்போன் நெட் படுத்துவிடுவதுண்டு. சென்னை, புதுச்சேரி, பெங்களூர் என்று பல ஊர்களிலிருந்தும் சிறப்புப் பேருந்துகளில் வந்து இறங்குகிறவர்களின் போன்களெல்லாம் இரண்டொரு டவர்களையே நம்பி நின்றால் வேறென்ன ஆகும்? பூக்கடையில் பணம் அனுப்பியவரின் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைக்காரரின் சவுண்டு பாக்ஸ் வாய் திறக்காது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அப்போதுதான் இந்தப் பேச்சு கேட்கும்: “அண்ணே, வைஃபை பாஸ்வேர்டு கொஞ்சம் சொல்றீங்களா? ஒரே நிமிஷம்தான்.” குளிக்க, துணி மாற்ற, ராத்திரி தலைசாய்க்க என்று பக்தர்களுக்கு இடம் விடுகிற வீடுகளில் கேட்டவுடனே சொல்லிவிடுவார்கள். குலதெய்வத்தைப் பார்க்க வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

கொடுப்பது நல்ல குணம்தான். ஆனால் அந்தப் பாஸ்வேர்டோடு சேர்த்து வேறு என்னென்ன கைமாறுகிறது என்பது தெரிந்திருந்தால், கொடுக்கும் விதத்தை மாற்றிக்கொள்வோம். வீட்டுக்குப் புதிதாக பைபர் லைன் வாங்கியவர்களுக்காக, கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் தேவைப்படாத அளவில் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் பல வருஷம் நெட் என்றால் போனில் போடுகிற ரீசார்ஜ்தான். இப்போது நிலைமை மாறிவிட்டது. கேபிள் டிவி கொடுத்தவர்களே பைபர் இழுத்துத் தருகிறார்கள். பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் வேலை தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் தரப்பட்டிருக்கிறது. லைன் போட வருகிற தம்பி சுவரில் துளை போடுவார், கொம்பு வைத்த வெள்ளைப் பெட்டியை (மோடம், ரூட்டர் என்பதெல்லாம் இதுதான்) மாட்டுவார், உங்கள் போனில் வைஃபையை இணைத்துக் காட்டுவார். “நெட் வருதா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அவர் வேலை அங்கே முடிந்தது. உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு பழைய விஷயம். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்னால், பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் செய்தி நிறுவனங்களுக்குப் போயிருந்தது. அது எந்த இணைப்பிலிருந்து கிளம்பியது என்று காவல்துறை தேடியபோது நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வீட்டு வைஃபைக்குச் சரியான பாதுகாப்பு இல்லை, அவ்வளவுதான். வெளியே இருந்த யாரோ அதில் ஏறி மின்னஞ்சலை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். விசாரணை, கணினி பறிமுதல், பத்திரிகைகளில் பெயர் என்று எல்லாம் அந்த மனிதரைத் தேடி வந்தன. அதோடும் நிற்கவில்லை. அடுத்த மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்தும் இதே மாதிரி மின்னஞ்சல்கள் போயின. 2009 ஜனவரியில் மும்பை போலீஸார் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகவே போக வேண்டி வந்தது. பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது பற்றி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. வெளியுலகத்துக்கு உங்கள் வீட்டு இணைப்பு ஒரே ஆள். அப்பா போன், பிள்ளையின் லேப்டாப், பக்கத்து வீட்டுப் பையன், அமாவாசைக்கு வந்து போனவர் என்ற பிரிவெல்லாம் உங்கள் பெட்டியோடு முடிந்துவிடும். பெட்டியைத் தாண்டிப் போவதெல்லாம் ஆதார் கொடுத்து லைன் வாங்கியவரின் கணக்கில்தான் போகிறது. அந்தப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. ஒரு வருஷம் கழித்து யாராவது வந்து கேட்டால், அன்றைக்கு யார் யாரெல்லாம் நம் வைஃபையில் இருந்தார்கள் என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது. சொல்வதற்கு அவர்களிடம் நம் பெயர் இருக்கும்.

இனி பெட்டிக்கு வருவோம். பலருக்கும் தெரியாத விஷயம், அதற்கு இரண்டு பாஸ்வேர்டுகள் உண்டு. ஒன்று வைஃபையில் சேருவதற்கு. இன்னொன்று பெட்டியின் செட்டிங்கையே மாற்றுவதற்கு. முதலாவது வாசல் சாவி, இரண்டாவது பீரோ சாவி. வாசல் சாவியை மாற்றிவிட்டு பீரோ சாவியை பீரோவிலேயே தொங்கவிட்டிருக்கும் வீடுகள்தான் அதிகம்.

பெட்டியைச் சுவரிலிருந்து மெதுவாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பைபர் ஒயரை மட்டும் இழுத்துவிடாதீர்கள், அது மடங்கினாலே சிக்னல் போய்விடும். பொடி எழுத்தில் நாலைந்து வரிகள் இருக்கும். மாடல் பெயர், சீரியல் நம்பர், வைஃபையின் பெயர், அதன் பாஸ்வேர்டு, அதற்குக் கீழே 192.168.1.1 மாதிரி ஒரு எண், பக்கத்தில் யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டு அட்மின். கடைசி வரிதான் பீரோ சாவி. இதே வார்த்தை அதே கம்பெனியின் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் இருக்கும். மாடல் பெயரைத் தேடினால் இணையத்திலேயே கிடைக்கும்.

உங்கள் போனை வீட்டு வைஃபையில் இணைத்துக்கொண்டு, குரோமைத் திறந்து, மேலே முகவரி அடிக்கும் இடத்தில் ஸ்டிக்கரில் உள்ள அந்த எண்ணை அடியுங்கள். பழைய பாணியில் ஒரு பக்கம் வரும். சில போன்களில் “இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல” என்று எச்சரிக்கை வரலாம். உங்கள் வீட்டுப் பெட்டியோடுதானே பேசுகிறீர்கள், தொடரலாம். யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டு உள்ளே போனால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இவ்வளவு சுலபமாகப் போக முடிந்தது என்றால், உங்கள் வைஃபையில் சேர்ந்த யாரும் இதே மாதிரி போக முடியும் என்பதையும் கவனியுங்கள்.

போய் என்ன செய்துவிடப் போகிறார்கள்? 2011இல் பிரேசிலில் நடந்ததைச் சொன்னால் புரியும். நீங்கள் பேங்கின் இணைய முகவரியை அடிக்கும்போது, அந்தப் பெயருக்குரிய எண் எது என்று டிஎன்எஸ் என்கிற ஒரு சர்வரிடம் உங்கள் பெட்டி கேட்டுக்கொள்ளும். எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்பது பெட்டியின் செட்டிங்கில் எழுதியிருக்கும். பிரேசிலில் சுமார் 45 லட்சம் மோடம்களில் திருடர்கள் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி, தங்கள் சர்வரின் எண்ணைப் போட்டுவிட்டார்கள். மக்கள் சரியான முகவரியைத்தான் அடித்தார்கள், போய்ச் சேர்ந்த இடம் போலி. கம்ப்யூட்டரில் வைரஸ் இல்லை, போனில் கோளாறு இல்லை. கோளாறு சுவரில் தொங்கிய பெட்டிக்குள் இருந்தது. இன்றைக்கு பேங்க் தளங்களும் செயலிகளும், போய்ச் சேர்ந்த இடம் உண்மையானதா என்று எச்டிடிபிஎஸ் முறையில் சரிபார்ப்பதால் இந்த ஏமாற்று அவ்வளவு எளிதில்லை. ஆனாலும் பிரவுசர் காட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்துப் பழகியவர்களுக்கு ஆபத்து அப்படியே இருக்கிறது.

நம் நாட்டிலும் நடந்தது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் மால்வேர் என்கிற நாசவேலை நிரல் ஒன்றால் செயலிழந்தன. கம்பெனி போட்டுத் தந்த பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த பெட்டிகளாகப் பார்த்து அது நுழைந்தது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தின வருஷம் உலகத்தையே ஆட்டிய மிராய் என்ற மால்வேரிடம் பெரிய வித்தை எதுவும் இருக்கவில்லை. அட்மின், அட்மின் என்பது போன்ற 60 சொச்சம் ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது.

ஆகவே உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. மேனேஜ்மென்ட் அல்லது சிஸ்டம் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். சில நிறுவனங்கள் இதை மாற்ற விடாமல் பூட்டி வைத்திருக்கும். அப்படியானால் லைன் கொடுத்தவரைக் கூப்பிட்டு, உங்கள் முன்னாலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதே இடத்தில் வெளியிலிருந்து பெட்டியைத் திறக்க அனுமதிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்ற தேர்வு ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். டிஆர்-069 என்று ஒன்று கண்ணில் படலாம். அது நிறுவனம் பெட்டியைப் பராமரிக்க வைத்துக்கொண்டது, அதில் கைவைக்க வேண்டாம்.

அடுத்தது வாசல் சாவி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வைக்கிற பாஸ்வேர்டுகள் பெரும்பாலும் நாலு வகைதான்: கைப்பேசி எண், பிறந்த தேதி, வண்டி நம்பர், சாமி பெயரோடு 123.

உங்கள் போன் வைஃபையில் சேரும்போது பாஸ்வேர்டு அப்படியே காற்றில் போவதில்லை. போனும் பெட்டியும் நாலு முறை ஒன்றுக்கொன்று பேசி, இரண்டிடமும் இருப்பது ஒரே பாஸ்வேர்டுதானா என்று கணக்குப் போட்டுச் சரிபார்த்துக்கொள்கின்றன. அந்த நாலு பேச்சும் காற்றில்தான் நடக்கிறது. தெருவில் நிற்கும் ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டு போய்விடலாம். அதன்பிறகு அவர் உங்கள் தெருவுக்கே வர வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து, இந்தப் பாஸ்வேர்டாக இருந்தால் இந்தக் கணக்கு வருமா, அதுவாக இருந்தால் வருமா என்று கம்ப்யூட்டரை ஓடவிட்டால் போதும். பிள்ளைகள் கேம் ஆடுவதற்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, விநாடிக்கு ஏறக்குறைய 10 லட்சம் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாள், மாதம், வருஷம் சேர்ந்த பிறந்த தேதியில் நூறு வருஷத்துக்கும் சேர்த்து 36,525 தேதிகள்தான். ஒரு விநாடிகூட ஆகாது. விழுப்புரம் வண்டி என்றால் டிஎன் 32, அதற்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ எழுத்து, நாலு இலக்கம். எல்லாச் சேர்க்கையும் சுமார் 70 லட்சம். ஏழு விநாடி. திண்டிவனத்தின் டிஎன் 16ஐயும் சேர்த்துக்கொண்டால் பதினாலு விநாடி. பத்து இலக்கமாயிற்றே என்று நாம் நம்பிக்கையோடு வைக்கிற கைப்பேசி எண்? நம் நாட்டு எண்கள் 6, 7, 8, 9 என்ற நாலில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். கடைக்காரர் என்றால் அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம், எண் கடைப் பலகையிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2021இல் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் ஐடோ ஹோர்விட்ச், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரத் தெருக்களில் சாதாரணக் கருவியோடு சுற்றி 5,000 வைஃபைகளின் பதிவுகளைச் சேகரித்தார். வீட்டுக்குப் போய் உடைத்துப் பார்த்ததில் 70 சதவீதத்துக்கு மேல் திறந்துகொண்டன. அவற்றில் பெரும்பகுதி கைப்பேசி எண்கள். சொந்த எண் மறக்காது என்ற நினைப்பு அந்த ஊர்க்காரர்களுக்கும் இருந்திருக்கிறது.

சாமி பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. அங்காளம்மன், ஓம்சக்தி, முருகா என்று பக்தியோடு வைத்துவிட்டு, பின்னால் 123 அல்லது பிள்ளை பிறந்த வருஷத்தைச் சேர்ப்பார்கள். கோயில் ஊரில் ஒருவர் முதலில் முயன்று பார்ப்பதே அதைத்தான். அம்மனை நம்புங்கள், பாஸ்வேர்டில் மட்டும் அவள் பெயரை வைக்க வேண்டாம்.

சரி, எப்படித்தான் வைப்பது? ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். உதாரணத்துக்கு: தகரம், பனியன், கொக்கு, ஜன்னல், வெல்லம். இதை ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடியுங்கள். எழுத்தில் வந்துவிட்ட இந்த ஐந்தை எடுக்காதீர்கள், உங்கள் வீட்டில் கண்ணில் படுகிறதை வைத்துப் புதிதாக ஐந்து எடுங்கள். வெறும் 2,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நாலு சொல் எடுத்தாலே அதே கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆறு மாதம் ஆகும். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் ஆயிரம் வருஷம். அதிலும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒருவர் எழுதுகிற மாதிரி இன்னொருவர் எழுதுவதில்லை. திருடுகிறவனின் பட்டியலில் உங்கள் வீட்டு எழுத்துக்கூட்டல் இருப்பது அரிது. ஐந்து சொல்லும் ஒரு பாட்டு வரியாகவோ பழமொழியாகவோ அமைந்துவிடக் கூடாது, அது மட்டும் முக்கியம்.

மறந்துபோனால்? ஒரு காகிதத்தில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று ஆபீஸில் சொல்வார்கள். வீட்டுக்கு அது பொருந்தாது. ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் ஒரு சீட்டு இருந்தால், தெருவில் நிற்பவனால் அதைப் பார்க்க முடியாது. அதே சீட்டில் அட்மின் பாஸ்வேர்டையும், லைன் கொடுத்தவர் தந்த இணைப்பு யூசர்நேமையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் உதவும்.

பாஸ்வேர்டு மாற்றுகிற அதே பக்கத்தில் செக்யூரிட்டி அல்லது என்க்ரிப்ஷன் என்று ஒரு பட்டியல் இருக்கும். வெப், டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று வரிசையாக வரும். வெப் 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது, பக்கமே போக வேண்டாம். 2003இல் வந்த டபிள்யூபிஏ, அவசரத்துக்கு ஒட்டுப்போட்டது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2தான் இன்றுவரை பெரும்பாலான வீடுகளில் ஓடுகிறது. பாஸ்வேர்டு நல்லதாக இருந்தால் போதுமான காவல். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். காற்றில் பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் உடைக்கும் வித்தையை அது தடுத்துவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் உங்கள் பெட்டியின் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். வீட்டில் பழைய போன் ஏதாவது சேர மறுத்தால், இரண்டும் கலந்த டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 என்பதை வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பட்டன் பார்த்திருப்பீர்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் சேருவதற்கான குறுக்குவழி அது. அதற்கு எட்டு இலக்க பின் ஒன்றும் உண்டு. பத்துக் கோடி சேர்க்கைகள் இருக்க வேண்டியது. ஆனால் பெட்டி அதை முதல் நாலு, அடுத்த மூன்று என்று தனித்தனியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே 10,000மும் 1,000மும் சேர்ந்து 11,000 முயற்சியில் முடிந்துவிடும் என்று 2011இல் கண்டுபிடித்தார்கள். ஐந்து சொல் பாஸ்வேர்டை வைத்துவிட்டு இதைத் திறந்தே விட்டால் பட்ட பாடு வீண். செட்டிங்கில் தேடி ஆஃப் செய்துவிடுங்கள்.

வைஃபையின் பெயரை மறைத்து வைத்தால் போதும், குறிப்பிட்ட போன்களை மட்டும் சேரவிடும் மேக் ஃபில்டர் போட்டால் போதும் என்றெல்லாம் யாராவது சொல்வார்கள். இரண்டும் தேடி வருகிறவனை நிறுத்தாது, வீட்டுக்காரருக்குத்தான் தொந்தரவு. பெயரில் மட்டும் கதவு எண், கடைப் பெயர், குடும்பத்தலைவர் பெயர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அமாவாசை விருந்தாளிகள். ஒருவருக்குப் பாஸ்வேர்டு சொன்னால் அது அவரோடு நிற்காது. ஆண்ட்ராய்டு போனில் ஷேர் என்று தொட்டால் ஒரு கியூஆர் படம் வரும். பக்கத்தில் இருப்பவர் ஸ்கேன் செய்து சேர்ந்துகொள்ளலாம். அந்தப் படத்தைச் சாதாரண ஸ்கேனர் செயலியில் காட்டினால் உள்ளே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுத்தாகவே தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எங்கே போகிறது என்று யார் கண்டது? அடுத்த மாதம் அதே பேருந்தில் வருகிற கூட்டத்தின் போன்கள், உங்களைக் கேட்காமலேயே தெருமுனையில் உங்கள் வைஃபையைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்கென்றே கெஸ்ட் நெட்வொர்க் இருக்கிறது. பெட்டியில் அந்தப் பெயரிலேயே இருக்கலாம், அல்லது எஸ்எஸ்ஐடி2 என்று இரண்டாவது வைஃபையாக இருக்கலாம். அதை ஆன் செய்து, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் கொடுங்கள். வருகிறவர்களுக்கு அதை மட்டும் சொல்லுங்கள். அங்கே ஐசொலேஷன் என்று ஒரு தேர்வு இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். அதில் இருப்பவர்களுக்கு நெட் மட்டும் கிடைக்கும், வீட்டு லேப்டாப்போ கேமராவோ கண்ணில் படாது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. உங்கள் போனை கெஸ்ட் வைஃபையில் சேர்த்துக்கொண்டு ஸ்டிக்கரில் உள்ள அந்த எண்ணை அடித்துப் பாருங்கள். அட்மின் பக்கம் திறந்தால் பிரிப்பு முழுதாக இல்லை, லைன் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். திறக்கவில்லை என்றால் நல்லது. திருவிழா முடிந்ததும் கெஸ்டை ஆஃப் செய்யுங்கள், அடுத்த அமாவாசைக்குப் புதுப் பாஸ்வேர்டு போடுங்கள். மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களில் ஊர் கொள்ளாத கூட்டம் வரும்போது இந்தப் பழக்கம் இன்னும் அவசியம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கெஸ்ட் நெட்வொர்க் உங்கள் சாதனங்களைக் காப்பாற்றும், உங்கள் பெயரைக் காப்பாற்றாது. கெஸ்ட் வழியாகப் போவதும் அதே லைனில்தான் வெளியே போகிறது. தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் என்றால் பரவாயில்லை. அறை வாடகைக்கு விடுகிறவர்களும் கடைக்காரர்களும் முகம் தெரியாத பலருக்குத் தினமும் வைஃபை கொடுப்பதாக இருந்தால் வீட்டு லைனை வைத்துச் செய்யக் கூடாது. அதற்கு மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பிஎம்-வானி திட்டம் இருக்கிறது. பெட்டிக்கடைக்காரர்கூட உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லாமல் பொது வைஃபை மையம் நடத்தலாம். வருகிறவர் தன் போன் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு தன் கணக்கில் சேருவதால், அவர் செய்வது அவர் பெயரில் பதிவாகும். கோயில் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நம் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர் இதை எடுத்து நடத்த வேண்டும்.

வீட்டு வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் மாட்டுகிற வைஃபை கேமரா, ஸ்மார்ட் டிவி இவற்றையும், பெட்டியில் இன்னொரு தனி வைஃபை வைக்க முடிந்தால், விருந்தாளிகளின் கெஸ்டில் இல்லாமல் அதில் சேர்த்துவிடுங்கள். கேமராவுக்கும் தனிப் பாஸ்வேர்டு உண்டு, அதையும் மாற்ற வேண்டும். மிராய் பிடித்தவற்றில் பெரும்பகுதி கேமராக்களும் அவற்றின் காட்சிகளைப் பதியும் பெட்டிகளும்தான்.

யாராவது ஏற்கெனவே உள்ளே இருப்பார்களோ என்று சந்தேகமா? அட்மின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் தெரியும். ரெட்மி, விவோ என்று சில பெயர்கள் புரியும். இப்போதைய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுவதால் சில புரியாது. ஒவ்வொன்றாகத் துருவிக்கொண்டிருக்க வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றினால் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். பிறகு உங்கள் சாதனங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாற்றிய உடனே உங்கள் போனும் அறுந்துபோகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பணம் போய்விட்டது என்றால் நேரம் கடத்தாமல் 1930க்குக் கூப்பிடுங்கள். விழுப்புரம் மாவட்டத்துக்கென்று சைபர் கிரைம் காவல் நிலையமும் இருக்கிறது. போனிலோ கணினியிலோ மால்வேர் புகுந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 முதல் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் இலவசக் கருவிகள் கிடைக்கும்.

கடைசியாக ரீசெட் பட்டன். பெட்டியின் பின்புறம் குச்சி நுழைகிற அளவில் ஒரு துளை இருக்கும். நெட் வரவில்லை என்று புகார் சொன்னால் வந்து பார்க்கும் தம்பி சில சமயம் அதைத்தான் பத்து விநாடி அழுத்துவார். அழுத்தினால் நீங்கள் மாற்றியதெல்லாம் அழிந்து, ஸ்டிக்கரில் உள்ள பழைய பாஸ்வேர்டுகளே திரும்ப வந்துவிடும். நெட் ஓடுகிற சந்தோஷத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. அவர் கிளம்புமுன் ரீசெட் செய்தாரா என்று கேளுங்கள், செய்திருந்தால் அந்தச் சீட்டை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி போடுங்கள். நீங்களாக அந்தத் துளையில் கைவைக்காதீர்கள். பைபர் பெட்டிகளில் இணைப்பு யூசர்நேமும் சேர்ந்து அழிந்து, லைன் கொடுத்தவர் வரும்வரை நெட் இல்லாமல் போகலாம். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதோ விற்கும்போதோ மட்டும் அழுத்திவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பாஸ்வேர்டுகள் பெட்டியோடு அடுத்த கைக்குப் போய்விடும்.